எண்ணெய் இல்லாத தளத்துக்கு ஒரு பந்து

ரெண்டு கையாலயும் எடுங்க தம்பி. அது தேங்காய் இல்லை, பதினாறு பவுண்டு. கால்ல போட்டுக்கிட்டீங்கன்னா ஆஸ்பத்திரிக்கெல்லாம் நான் வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

விளம்பரத்தைப் பார்த்துட்டு, பவுலிங் பந்து இன்னும் இருக்கான்னு காலையில போன் பண்ணினது நீங்கதானே? இதுதான் அது. உட்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இப்படி வாங்க. சுத்திச் சுத்திப் பார்க்காதீங்க. இது விளையாட்டுச் சாமான் கடை இல்லை. லேத்து, டிரில்லிங் மிஷின், மோட்டார், எல்லாம் பழசு. வாங்கி விக்கிறோம். கோயமுத்தூர்ல சென்னியப்பன் கடைன்னா பழைய மிஷின்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். பாதிப் பேருக்குப் பிடிக்காது. அது வேற விஷயம்.

உள்ளே கண்ணாடி ரூம்ல ஒருத்தி போன்ல பேசிட்டிருக்கா பாருங்க, அது என் மக. அவ உட்கார்ந்திருக்கிற நாற்காலி என்னோடது. முப்பத்தாறு வருஷம் நான் உட்கார்ந்து தேய்ச்ச நாற்காலி. நான் இப்ப வெளியில உங்ககூட உட்கார்ந்து பந்து வித்துட்டிருக்கேன்.

என்ன கேட்டீங்க? எண்ணெய் போடாத தளத்துல இது நல்லா ஓடுமான்னா?

எவன் உங்களுக்கு இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தான்?

இல்லைங்க, கோபமெல்லாம் இல்லை. என் குரலே அப்படித்தான். டீ சொல்றேன், குடிங்க. கேட்டதுக்குப் பதில் சொல்றேன், ஆனா முழுசாக் கேட்கணும்.

நான் படிச்சது மூணாவது. பொறவு பெருந்துறைச் சந்தையில மாட்டுத் தரகருங்க காலடியிலதான் வளர்ந்தேன். அங்கே விலையை வாயால பேச மாட்டாங்க. வாங்கறவனும் விக்கிறவனும் கையைக் கோத்து, மேல ஒரு துண்டைப் போட்டு, விரலைப் பிடிச்சுப் பேசுவாங்க. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தச் சந்தையில நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. மாட்டைப் பார்த்து ‘அருமையான மாடு’ன்னு சொல்றவன் வாங்க வந்தவன் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். ‘கொம்பு கோணல், சுழி சரியில்லை, நடை பத்தாது’ன்னு குறை சொல்றான் பாருங்க, அவன்தான் வாங்கப்போறவன். எவ்வளவுக்கெவ்வளவு குறை சொல்றானோ, அவ்வளவுக்கவ்வளவு அவனுக்கு அது வேணும். மாட்டுக்கு மட்டுமில்லை தம்பி, லேத்துக்கும் அதேதான். உலகத்துக்கே அதேதான். அதை வச்சுத்தான் இந்தக் கடை.

சரி. என் மகளுக்கு மயிலாத்தாள்னு எங்கம்மா பேரைத்தான் வச்சேன். காலேஜ் போனதும் மயூரின்னு மாத்திக்கிட்டா. பழைய மிஷினுக்குப் புது பெயிண்ட் அடிக்கிற மாதிரி. ஒரு நிலையான புத்தி இருந்தா பேரை மாத்துவாளா? சோறு வடிச்சா கொழையும். வண்டி ஓட்டினா முன்னால போறவனுக்கெல்லாம் வழி விடுவா. ஹாரன் எதுக்கு இருக்குன்னே தெரியாது. வாடிக்கையாளர் வந்தா, ‘இந்த லேத்துல தலைப்பக்கம் பேரிங் தேய்ஞ்சிருக்குங்க, மாத்திட்டு ஓட்டுங்க’ன்னு அவளே சொல்லுவா. விக்கிற சாமான்ல குறையை விக்கிறவளே சொல்றா! கேட்டா, ‘அப்பா, அப்பத்தானுங்க அவங்க மறுபடியும் வருவாங்க’ன்னுவா. மறுபடி வர்றதுக்கு இது என்ன கோயிலா?

இந்தத் தை மாசம், சிங்காநல்லூர் பக்கம் மூடிப்போன ஒரு மில்லுல ஒர்க்‌ஷாப்பை மிஷின் மிஷினா ஏலம் விடறதாச் சொன்னாங்க. எங்க தொழில்ல ஒரு வழக்கம். பெரிய ஏலத்துக்குக் கடைக்கு ஒருத்தர்தான் போய் உட்காரலாம். யார் உட்கார்றாங்களோ அவங்கதான் இனிமேல் அந்தக் கடைக்கு முதலாளின்னு மார்க்கெட்டே எடுத்துக்கும். அதுக்கப்புறம் எவனும் மத்தவங்ககிட்ட விலை கேட்க மாட்டான்.

இவ வந்து நிக்கிறா. ‘அப்பா, இந்தத் தடவை நான் போறேனுங்க.’

‘ஏனம்மிணி, எனக்கென்ன கை கால் விழுந்துபோச்சா?’

‘கை கால் நல்லாத்தான் இருக்குதுங்க. அதுதான் பிரச்சனையே. போன ஏலத்துல ஏலம் விடறவர் சட்டையைப் பிடிச்சீங்க. அதுக்கு முந்தின ஏலத்துல நாற்காலியைத் தூக்குனீங்க. ரெண்டுலயும் ஒரு போல்ட்டு நட்டுகூட வாங்காம வந்தோம்.’

அபாண்டம் தம்பி! சட்டையை நான் பிடிக்கலை. தொட்டேன். பொத்தான் அதுவா விழுந்தது. நாற்காலியை எடுத்தது உட்கார்றதுக்கு. கொஞ்சம் உயரமா எடுத்துட்டேன், அவ்வளவுதான்.

‘உன்னால ஆகாது. எதுல வேணா என்கூடப் போட்டி போட்டுப் பாரு, தோத்துருவே’ன்னேன். அது என் வாய்ல வந்த வார்த்தை. ‘எதுல வேணாலுமுங்களா?’ன்னா. ‘எதுல வேணாலும்’னேன். ‘அப்ப பவுலிங்’னா. ‘ஜெயிக்கிறவங்க ஏலத்துல உட்காரலாம்.’

ஞாயித்துக்கிழமையானா சிநேகிதிங்ககூட மாலுக்குப் போய் இதை உருட்டிட்டு வருவா. தெரியும். ஒரு நாள் நானும் பார்த்தேன். பலகை போட்ட நீளமான தளம், அந்தக் கோடியில பத்து வெள்ளைக் கட்டை, இந்தக் கோடியில இருந்து பந்தை உருட்டி அதைச் சாய்க்கணும். ரெண்டு பக்கமும் வாய்க்கால். பந்து அதுல விழுந்தா ஒண்ணுமில்லை. இவ்வளவுதான் விளையாட்டே. நான் லேத் பெட்டைத் தோள்ல தூக்கினவன். இவ அரிசிச் சிப்பத்தை நகர்த்தவே ஆள் கூப்பிடுவா. ‘சரி’ன்னேன். ஒரு நிபந்தனை போட்டேன். பந்து, தளம், நேரம் மூணும் நான் சொல்றதுதான். சரின்னுட்டா. பேரமே பேசலை. அப்பவே எனக்குப் பாதி ஜெயிச்ச மாதிரி.

பந்து வாங்க பெங்களூருக்கே போயிட்டேன். கடைக்காரன் நாப்பது வயசு ஆளு, காதுல கடுக்கன். நான் போனதும் கேட்டான், நீங்க கேட்ட அதே கேள்வி. ‘சார், நீங்க ஆடற தளத்துல எண்ணெய் இருக்குமா, காய்ஞ்சிருக்குமா?’

‘தளத்துக்கு எதுக்குய்யா எண்ணெய்? தோசையா ஊத்தறாங்க?’

அவன் பொறுமையாத்தான் சொன்னான். தளத்து மேல மெல்லிசா எண்ணெய் பூசுவாங்களாம். எண்ணெய் இருக்கிற வரைக்கும் பந்து வழுக்கிட்டு நேராப் போகுமாம். எண்ணெய் முடியற இடத்துல பலகையைப் பிடிச்சுத் திரும்பிப் போய் கட்டையில நடுவுல அடிக்குமாம். அப்படிப் பிடிக்கிறதுக்குன்னு சொரசொரப்பான பந்து தனியா இருக்கு, விலை அதிகம். ‘ஆனா தளம் காய்ஞ்சிருந்துச்சுன்னா அந்தப் பந்து வேண்டாம் சார். போட்ட உடனே பிடிச்சுக்கும், பாதி வழியிலேயே திரும்பிடும். காய்ஞ்ச தளத்துக்கு இதோ, இந்தச் சாதா பிளாஸ்டிக் பந்துதான். வழவழன்னு இருக்கும், எதையும் பிடிக்காது, விட்ட இடத்துக்கு நேராப் போகும். விலையும் கால்வாசிதான்.’

தம்பி, முப்பத்தாறு வருஷமா வியாபாரம் பண்றேன். விலை குறைஞ்சதை வாங்கிக்கோன்னு எந்தக் கடைக்காரனாவது சொல்லி நான் கேட்டதில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லலை. என் வேட்டியைப் பார்த்துச் சொன்னான். இவனுக்கெல்லாம் கால்வாசி பந்து போதும்னு. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்!

‘உன் கடையில இருக்கிறதுலயே எது விலை ஜாஸ்தி? எடுய்யா அதை’ன்னேன்.

இதோ, இதுதான். ரெண்டரை மணி நேரம் பேரம் பேசினேன். நடுவுல அவன் மதியச் சோறு தின்னுட்டு வந்தான், நான் எழுந்திருக்கலை. கடைசியில பை இலவசம், துடைக்கிற துணி இலவசம். ‘இன்னும் என்ன இலவசமாச் செய்வே?’ன்னேன். ‘பந்துக்குப் பாலிஷ் போட்டுத் தரலாம் சார். இல்லைன்னா உப்புத்தாள்ல தேய்ச்சு இன்னும் சொரசொரப்பாக்கலாம்’னான். ‘ரெண்டுல எதுக்கு வேலை அதிகம்?’னேன். ‘தேய்க்கிறதுக்குத்தான்’னான். ‘அப்ப தேய்’னேன். முக்கால் மணி நேரம் தேய்ச்சான். பக்கத்துலயே நின்னு பார்த்தேன். தடவிப் பாருங்க. எப்படிப் பிடிக்குது? இந்த வேலைக்கு நான் ஒரு பைசா கொடுக்கலை.

அடுத்தது தளம். மாலுல மேனேஜர் ஜோபின்னு ஒரு பாலக்காட்டுக்காரர். சாயங்காலத்துக்கு ஒரு ரேட்டு சொன்னார். நான் விடுவேனா? வேலை நாள்ல, காலை பத்து மணிக்கு, கடை திறந்ததும் திறக்காததுமா, யாரும் வராத நேரத்துல வர்றேன், பாதிக்குக் குடுய்யான்னேன். ‘சாரே, பாதிக்குன்னா கட்டாது. எண்ணெய் போடற மிஷினை சாயங்காலம்தான் ஓட்டுவோம். அந்த ரேட்டுக்குக் காலையில தனியா ஓட்ட முடியாது’ன்னார். ‘ஓட்டாதே. எண்ணெய் எனக்கு வேண்டாம்’னேன். ‘தளம் காய்ஞ்சு கிடக்கும் சாரே.’ ‘காயட்டும். நானென்ன அதுல படுக்கவா போறேன்?’ அவர் அதை ஒரு சீட்டுல எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டார். நானும் பெருமையாப் போட்டேன்.

அதுக்கு நடுவுல ரெண்டு நாள் சாயங்காலம் போய்ப் பழகிப் பார்த்தேன். தம்பி, என்ன சொல்றது! பந்துத் துளையில விரலை விட்டதும் அப்படியே துண்டுக்குள்ள கை விட்ட மாதிரி இருந்துச்சு. மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி விட்டா, வலது ஓரமா வாய்க்கால் கரையிலேயே போய், விழுந்துருச்சுடான்னு நினைக்கிறப்ப, படக்குன்னு திரும்பி நடுவுல ஒரு அடி. பத்துக் கட்டையும் காலி. பக்கத்துல விளையாடின ஐடி கம்பெனிப் பசங்க கைதட்டினாங்க. ‘அங்கிள், செம ஹூக்’னாங்க. பந்து அப்படித் திரும்பறதுக்கு அதுதான் பேராம்.

மயூரியும் பார்த்துட்டுத்தான் இருந்தா. வீட்டுக்கு வர்றப்ப வண்டியில சொன்னா. ‘அப்பா, இந்தப் பந்து காலையில வேலைக்கு ஆகாதுங்க. எண்ணெய் இல்லைன்னா இதைப் பிடிச்சு நிறுத்த முடியாது. உப்புத்தாள் வேற தேய்ச்சு வச்சிருக்கீங்க. அந்தக் கடைக்காரர் சொன்ன பிளாஸ்டிக் பந்தையே வாங்கிக்குங்க. இல்லைன்னா மாலுல இருக்கிற பந்துல ஒண்ணை எடுத்துக்குங்க.’

பார்த்தீங்களா? பார்த்தீங்களா தம்பி? சாமானைக் குறை சொல்றா! எனக்குத் தெரியாதா இந்த வித்தை? பந்தைப் பார்த்துப் பயந்துட்டா. அதைக் கை மாத்தப் பார்க்கிறா. நான் சிரிச்சேன். ‘ஏனம்மிணி, சாயங்காலம் நல்லாப் போற பந்து காலையில எப்படிப் போகாது? ராத்திரியோட ராத்திரியா தளத்தைப் பெயர்த்து மாத்திருவாங்களா?’

‘சொல்றதைச் சொல்லிட்டேனுங்க’ன்னா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. தோத்தவ அப்படித்தான் திரும்புவா.

புதன்கிழமை காலையில பத்து மணி. மாலுல ஈ காக்கா இல்லை. தரை துடைக்கிற அம்மா ஒருத்தி, ஜோபி, நாங்க ரெண்டு பேர். நான் வேட்டியை மடிச்சுக் கட்டி, அவங்க குடுத்த செருப்பை... ஷூவை மாட்டிக்கிட்டு நிக்கிறேன். மயூரி அங்கே அடுக்கியிருந்த பந்துல ஒண்ணை எடுத்தா. நீலக் கலரு, வழவழன்னு, ஒரு பக்கம் மூளியா இருந்துச்சு. ஊர்ல இருக்கிற எல்லாக் குழந்தையும் உருட்டின பந்து. எனக்கே பாவமாப் போச்சு.

முதல்ல நான். அதே திருப்பு, அதே வீச்சு. பந்து வலது பக்கமாப் போகுது... எங்கே போச்சு? நாலு அடி போனதும் பலகையைப் பிடிச்சுக்கிச்சு தம்பி. கடன்காரனைக் கண்டவன் மாதிரி சடார்னு இடது பக்கம் திரும்பி, தளத்தைக் குறுக்கா வெட்டி, நேரா இடது வாய்க்கால். கட்டை பத்தும் அப்படியே நிக்குது. ஒண்ணு ஆடக்கூட இல்லை.

தற்செயல்னு நினைச்சேன். ரெண்டாவது தடவைக்குப் பந்தை எடுத்தேன்.

‘அப்பா, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நின்னு, வலது ஓரத்தைப் பார்த்து உருட்டுங்க. அது திரும்பி வர்றதுக்கு இடம் விடுங்க’ன்னா.

எதிராளி சொல்ற இடத்துல எவனாவது நிப்பானா? வலது பக்கம் தள்ளி நின்னேன். வாய்க்கால்.

இவ வந்தா. நேரா நின்னா. திருப்பல் இல்லை, வீச்சு இல்லை, பந்தைக் கொண்டுபோய் மெதுவாத் தரையில வச்சா. அது பாட்டுக்கு நேராப் போச்சு. ஏழு கட்டை. மறுபடியும் வச்சா, மீதி மூணு. ஒரு அலட்டல் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. இதெல்லாம் ஒரு ஆட்டமா? பார்க்கிறவனுக்குத் தூக்கம் வரும்.

அஞ்சாவது சுத்துல எனக்குப் பொறுமை போயிருச்சு. ‘யோவ் ஜோபி! எண்ணெயை ஊத்துய்யா!’ன்னேன்.

‘சாரே, நீங்கதானே வேண்டாம்னு சொன்னது?’ சட்டைப் பையில இருந்து அந்தச் சீட்டை எடுத்து விரிச்சார். என் கையெழுத்து! எவ்வளவு கெட்டிக்காரத்தனமா ஏமாத்தியிருக்கான் பாருங்க, என்கிட்டயே கையெழுத்து வாங்கி!

‘முழு ரேட்டும் தர்றேன். இப்பவே மிஷினை ஓட்டு’ன்னேன். தம்பி, நான் முழு ரேட்டு தர்றேன்னு சொன்னது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ஜோபி மயூரியைப் பார்த்தார்.

அவ கையில பந்தோட நிக்கிறா. சத்தம் போடலை. ‘அப்பா, சந்தையில கைப்பேரம் முடிஞ்ச பொறவு மாட்டோட பல்லைப் பார்க்கலாமுங்களா?’ன்னா.

அது நான் சொல்றது! ஏமாந்துட்டேன், சாமானைத் திருப்பி எடுத்துக்கோன்னு கடைக்கு வர்றவங்ககிட்டெல்லாம் முப்பத்தாறு வருஷமா நான் சொல்றது. இவ பக்கத்துல உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிட்டு இருந்தா, அப்ப காதுல வாங்கியிருக்கா போல. என் சரக்கை என்கிட்டயே வித்தா.

முடிவுல அவளுக்கு நூத்தி முப்பத்தி ஒண்ணு. எனக்கு... எனக்கு எவ்வளவுன்னு ஞாபகம் இல்லை. ஐம்பத்தி நாலு. தரை துடைக்கிற அம்மா, ‘முதல் தடவைக்குப் பரவாயில்லைங்கய்யா’ன்னாங்க. அவங்களை ஒண்ணும் சொல்லலை. வயசானவங்க.

தோத்தேன்னு சொல்லாதீங்க. தளம் தோத்துச்சு.

ஆனா வாக்கு வாக்குதான். ஏலத்தன்னிக்குக் காலையில அவ கிளம்பறா. வாசல்ல நின்னு, ‘எது வரைக்கும் போலாமுங்கப்பா?’ன்னா. உச்ச விலை என்னன்னு கேட்கிறா. சமையல்காரம்மா நிக்கிறாங்க, டிரைவர் நிக்கிறான். ஊர் கேட்க விலை சொல்றவன் நானில்லை. தோள்ல இருந்த துண்டை எடுத்தேன். கையை நீட்டுன்னேன். இத்தனை வருஷத்துல என் துண்டுக்குள்ள பொம்பளைக் கை வந்ததில்லை. இவ கை மெத்துன்னு இருக்கும்னு நினைச்சிருந்தேன். கட்டை விரல்ல காய்ப்பு. அந்தப் பந்துத் துளை போட்ட காய்ப்பு. சரி, பிடிச்சேன். அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடிச்சேன். அஞ்சு லட்சம் வரைக்கும் போலாம்னு அர்த்தம்.

இவ என்ன பண்ணினா தெரியுமா? என் விரல்ல ஒண்ணை மெதுவா மடக்கி, நாலை மட்டும் பிடிச்சுத் திருப்பிக் குடுத்தா. நாலுலயே முடிச்சுட்டு வர்றேன்னு அர்த்தம். இதை யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு எனக்குத் தெரியலை. நான் சொல்லிக் கொடுக்கலை.

நான் மில்லு வாசல்ல கார்லயே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை இறக்கி வச்சிருந்தேன், வெயிலுக்கு. உள்ளே இருந்து வந்தவங்க சொன்னாங்க, அந்தப் புள்ளை வாயே திறக்கலைங்க, நாலு தடவைதான் கையைத் தூக்குச்சுன்னு. ஆறு லேத்து, ரெண்டு மில்லிங் மிஷின். நாலு விரல்லயே முடிச்சுட்டா. தற்செயல். நான் போயிருந்தா எட்டு லேத்து எடுத்திருப்பேன். எடுத்ததுலயும் ஒரு லேத்துல இரும்பைப் பிடிக்கிற சக்கு சரியில்லை. லாரியில ஏத்தறப்ப தார்ப்பாய் போடலை. ஏலம் விட்ட ஆளுக்கு நன்றி வேற சொல்லிட்டு வந்திருக்கா. ஏலம் விடறவனுக்கு எவனாவது நன்றி சொல்லுவானா? அன்னையில இருந்து மார்க்கெட்ல அத்தனை பேரும் போனை அவளுக்குத்தான் அடிக்கிறான். என்கிட்ட ‘அண்ணா, சௌக்கியமா’ன்னு மட்டும் கேட்கிறான். சௌக்கியம் விசாரிக்க நான் என்ன சீக்காளியா?

அதனாலதான் இந்தப் பந்தை விக்கலாம்னு. விலை விளம்பரத்துலயே போட்டிருக்கேன்.

சரியா? என்ன சரி? சரின்னா? குறைச்சே கேட்க மாட்டீங்களா? ஒருத்தன் ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கதை சொல்றான், ஒரு பேச்சுக்காவது துளை பெருசு, கீறல் இருக்கு, பழசுன்னு சொல்லணும் தம்பி. அதுதான் மரியாதை. துளை என் விரலுக்குப் போட்டது, உங்களுக்கு எப்படிச் சேரும்? அதைக்கூடக் கேட்கலையே நீங்க!

பொறுங்க, அவ எதுக்கோ எட்டிப் பார்க்கிறா. என்னம்மிணி?

‘அண்ணா, நீங்க விளையாடற இடத்துல எண்ணெய் போடுவாங்களா?’

உன்னை யார் கேட்டா? நீங்க பதில் சொல்லாதீங்க தம்பி. சொல்லிட்டீங்களா? காய்ஞ்ச தளம்தான்னா சொன்னீங்க?

‘அப்ப இது வேண்டாமுங்கண்ணா. சாதா பிளாஸ்டிக் பந்து வாங்கிக்குங்க. இது உங்களுக்கு உதவாது.’

போ, போ, உள்ளே போ. போன் அடிக்குது பாரு.

கேட்டீங்களா? வந்த ஆளைத் திருப்பி அனுப்பறா. நாலு மாசமா இதே வேலை. இந்தப் பந்து உதவாது, உதவாது, உதவாது. பெங்களூர்ல இருந்து கொண்டு வந்த நாள்ல இருந்து இதைக் குறை சொல்றா. வாரம் ஒரு தடவையாவது.

இருங்க.

நாலு மாசம். ஒரு சாமானை ஒருத்தி நாலு மாசமாக் குறை சொன்னா என்னங்க அர்த்தம்? அடப்பாவி, எனக்கு இது இவ்வளவு நாள் தோணலையே! அவளுக்கு இது வேணும் தம்பி. அடிமாட்டு விலைக்குக் கேட்கப் பார்க்கிறா. அதான் வர்ற ஆளையெல்லாம் விரட்டறா. எப்பேர்ப்பட்ட கள்ளி!

கீழே வைங்க. வைங்கன்னா வைங்க. உங்களுக்கு இல்லை. அவளே கேட்டு வரட்டும், துண்டு இங்கதான் கிடக்கு.

என்னது? நான் எதுக்கு ஒரு மணி நேரமா என் மகளைக் குறை சொன்னேன்னா?

டீ ஆறிப்போச்சு. குடிச்சிட்டுக் கிளம்புங்க. காய்ஞ்ச தளத்துக்குப் பிளாஸ்டிக் பந்துதான், பெங்களூர்ல கடுக்கன் போட்ட ஆளுகிட்டப் போங்க. இது நானாக் கண்டுபிடிச்சது, யாரும் எனக்குச் சொல்லலை. போறப்ப அந்தக் கண்ணாடிக் கதவைச் சாத்திட்டுப் போயிராதீங்க. உள்ளே அவ என்ன விலை பேசறான்னு எனக்குக் கேட்கணும்.